பைக் ஓட்டப் பழக: வகுப்பா, அண்ணனா, தனிப் பயிற்சியாளரா?

"வீட்டிலேயே நல்லா ஓட்டத் தெரிஞ்சவர் இருக்கார். அப்புறம் எதுக்குக் காசு கட்டி வகுப்புக்குப் போகணும்?" மோட்டார்சைக்கிள் பழக நினைக்கும் பலர் கேட்பது இதுதான். நியாயமான கேள்வி. அப்பாவிடமோ அண்ணனிடமோ நண்பனிடமோ பழகி, வருஷக்கணக்கில் நன்றாகவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். வகுப்புக்குப் போய் வந்தவர்களிலோ, "ரெண்டு நாளும் மைதானத்தையே சுத்தினோம், ரோட்டுக்குக் கூட்டிட்டே போகலை" என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு.

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் தொடக்கநிலைப் பாதுகாப்பு வகுப்பு, அதன் பிறகு தெரிந்தவரோடு ரோடு. பெரும்பாலானவர்களுக்கு இந்த வரிசைதான் சரிப்படும். எல்லோருக்கும் அல்ல, அதனால்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடை போடுவது

பைக்கை நகர்த்துவது பெரிய விஷயம் இல்லை. கிளட்சை மெதுவாக விட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, கியர் மாற்றி நேராகப் போவதை ஒரு மாலைப் பொழுதில் பலரும் பிடித்துக்கொள்வார்கள். "ஓட்டக் கத்துக்கிட்டேன்" என்று சொல்வதும் அப்போதுதான். ஆனால் உயிரைக் காப்பது வேறு திறமை. எதிரே வந்த கார் திடீரென்று குறுக்கே திரும்பும்போது கையும் காலும் என்ன செய்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று இன்றும் படிக்கத் தகுந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு 1981-இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். இந்த எண்ணை மட்டும் தூக்கிப் பிடித்து 'வகுப்புக்குப் போகாததால்தான் விபத்து' என்று வாதாடுவது சரியில்லை. அந்தக் காலத்தில் விபத்தே ஆகாதவர்களிலும் பெரும்பாலோர் அப்படிப் பழகியவர்கள்தான். என்னை நிறுத்தியது அதே அறிக்கையின் இன்னொரு பகுதி. ஆபத்து வந்த நொடியில் பெரும்பாலானவர்கள் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டிருக்கிறார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை. வண்டியைச் சட்டென்று ஒதுக்கி விலகும் திறமை அவர்களிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இத்தனைக்கும் தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும் இவற்றைக் கேளுங்கள். அவசரத்தில் நிறுத்துவதையும் விலகுவதையும் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக்குவார்களா? வண்டி கீழே விழுந்தாலும் பெரிய நஷ்டம் இல்லாத இடமும் வண்டியும் கிடைக்குமா? உங்களால் பார்க்க முடியாத உங்கள் பிழையை வெளியில் நின்று பார்த்துச் சொல்ல ஆள் உண்டா? உண்மையான போக்குவரத்தில் ஓட்டப் பழக்கம் கிடைக்குமா? கடைசியாகப் பணம், அதிலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத செலவு.

## தொடக்கநிலைப் பாதுகாப்பு வகுப்பு

உலகம் முழுக்க இப்படிப்பட்ட வகுப்புகள் ஏறக்குறைய இரண்டு வகை. ஒன்று முழுக்க மைதானத்திலேயே நடப்பது. அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் நடத்தும் அடிப்படை வகுப்பு இந்த வகை. பாடம் தனி, அதோடு வண்டி மேல் ஏறக்குறைய 10 மணி நேரம். மற்றொன்று ரோட்டையும் சேர்த்துக்கொள்வது. பிரிட்டனில் 1990-இல் வந்த சி.பி.டி. என்னும் கட்டாய அடிப்படைப் பயிற்சியில், மைதானத்தில் தேறியவரைக் குறைந்தது 2 மணி நேரம் சாலையில் ஓட்டவைக்க வேண்டும். பயிற்சியாளர் தன் வண்டியில் பின்தொடர்ந்தபடி ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாகச் சொல்லிக்கொண்டே வருவார். நீங்கள் பார்க்கும் வகுப்பு இந்த இரண்டில் எது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் பிற்பாடு ஏமாற்றம் இருக்காது.

வகுப்பின் பலம், படிப்படியாகப் போவது. முதல் பயிற்சியில் வண்டி ஓடவே ஓடாது. இன்ஜின் ஆனில், முதல் கியரில், இரண்டு காலும் தரையில். கிளட்சை இம்மி இம்மியாக விட வேண்டும். வண்டி முன்னே நகரத் துடிக்கும் இடத்தில் மறுபடி இழுத்துப் பிடிக்க வேண்டும். காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் திரும்பவும் அதே. ஆக்சிலேட்டரைத் தொடவே விடமாட்டார்கள். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த ஹாஃப் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று இடது கைக்குத் தெரிந்துவிட்டால், பின்னால் வரும் எல்லாமே பாதி சுலபம். வீட்டில் பழகுபவர்களுக்கு இந்தப் பொறுமை வாய்ப்பது அபூர்வம்.

மெதுவாகத் திரும்பும் பயிற்சிதான் பலரையும் கீழே தள்ளுவது. கற்பவர் கூம்பைச் சுற்றி வளைக்கிறார். பயத்தில் கண் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள தரைக்குப் போகிறது. வேகம் நடைவேகத்துக்கு இறங்குகிறது, வண்டி ஒரு பக்கம் சாய்வது போலத் தோன்றுகிறது, வலது கை முன் பிரேக்கை இறுக்குகிறது. ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கும் நேரத்தில் முன் பிரேக் பிடித்தால் வண்டியின் மொத்த எடையும் அந்தப் பக்கம் சரியும். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியைக் கால் ஊன்றித் தாங்குவது நடக்காத காரியம். பொத்தென்று விழும். பயிற்சியாளர் வருவார், இன்ஜினை நிறுத்துவார், முதுகை வளைக்காமல் காலின் பலத்தில் வண்டியைத் தூக்குவது எப்படி என்று காட்டுவார். "தரையைப் பாக்காதீங்க. போக வேண்டிய பக்கம் தலையைத் திருப்புங்க. இந்த வேகத்துல ஹாஃப் கிளட்சும் பின் பிரேக்கும் போதும்" என்பார். அடுத்த சுற்றில் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். சொந்த வண்டியாக இருந்தால் கிளட்ச் லீவரும் இண்டிகேட்டரும் கண்ணாடியும் போயிருக்கும். அதோடு அன்றைய பயிற்சியும் முடிந்திருக்கும்.

வீட்டில் பெரும்பாலும் யாரும் சொல்லித்தராத, வகுப்பில் கிடைக்கும் ஒன்று எதிர்த்திசைத் திருப்பல். நல்ல வேகத்தில் போகும் பைக் வலது பக்கம் சாய வேண்டுமானால் ஹேண்டிலின் வலது பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும், அதாவது ஒரு கணம் சக்கரத்தை இடது பக்கம் திருப்ப வேண்டும். ஓட்டும் எல்லோருமே இதைச் செய்கிறார்கள், செய்வது தெரியாமலே. விமானம் கட்டிய ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டுபவர்கள் பலரிடம் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்; தாங்கள் முதலில் எதிர்ப்பக்கம் திருப்புவதை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. தெரியாமல் செய்வது வளைவுகளில் போதும். ஒரு நொடிக்குள் காரை விட்டு விலக வேண்டிய நேரத்தில் அது போதாது. தெரிந்து, அழுத்தித் தள்ள வேண்டும்.

இனி வகுப்பின் குறைகள். கட்டணம் தவிர, உடல் களைப்பு ஒன்று இருக்கிறது. கிளட்ச் பிடித்துப் பழகாத இடது முன்கை மதியத்துக்கு மேல் வலிக்கும், அதற்குப் பிறகு செய்யும் பயிற்சியில் பாதி வீண். அரை நாள் வீதம் பிரித்து நடத்தும் வகுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கூட்டத்தோடு போவதால் மெதுவாகக் கற்பவர் பின்தங்கலாம். எல்லோரும் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டால் "எனக்கு இது இன்னும் வரலை" என்று சொல்லப் பலருக்கும் கூச்சம்.

இதைவிடப் பெரிய குறை, சான்றிதழ் தரும் தைரியம். அவசரமாக நிறுத்தும் பயிற்சியை மைதானத்தில் பெரும்பாலும் மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் செய்யவைப்பார்கள். ரோட்டில் வேகம் அதற்கு இருமடங்கு இருக்கும், மழையும் மணலும் லாரியும் இருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2010-இல், மோட்டார்சைக்கிள் ஓட்டுநர் பயிற்சி விபத்தைக் குறைக்கிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ஆய்வுகளின் தரம் போதாததால், குறைக்கிறது என்றோ இல்லை என்றோ அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. வகுப்பை விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். நான் வகுப்பைப் பரிந்துரைப்பது சரியான பழக்கம் முதல் நாளிலேயே கைக்கு வரும் என்பதற்காக. விபத்தே வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

இன்னொன்று, அங்கே ஓட்டுவது சின்ன, லேசான வண்டி. வீட்டுக்கு வந்து ஏறுவது வேறு. ஹர்ட் அறிக்கையில் விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட வண்டியோடு 5 மாதப் பழக்கம்கூட இல்லை; ஆனால் மொத்த ஓட்டும் அனுபவமோ ஏறக்குறைய 3 வருஷம். வண்டி மாறினால் மறுபடி புதியவர்தான்.

யாருக்குப் பொருந்தும்: கியர் வண்டியே தொட்டிராதவர்களுக்கு, பக்கத்தில் பொறுமையான ஆள் இல்லாதவர்களுக்கு. பைக் வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவர்களுக்கு மிகவும் பொருந்தும். வாங்கி மூலையில் நிறுத்துவதைவிட, நமக்கு இது ஒத்துவருமா என்று அடுத்தவர் வண்டியில் தெரிந்துகொள்வது எவ்வளவோ மலிவு.

## வீட்டாரிடம், நண்பரிடம்

இலவசம். அவசரமில்லை. இன்று வரவில்லை என்றால் நாளை. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தினமும் போகப் போகும் ரோட்டிலேயே பழகலாம். எந்த வளைவில் மணல் கிடக்கும், எந்தச் சந்திப்பில் கார்கள் பார்க்காமல் திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம். எந்த வகுப்பும் இதைத் தர முடியாது.

சிக்கல், அவருடைய பழக்கங்கள் அப்படியே உங்களுக்கு வந்துவிடும். பழைய ஆட்கள் தரும் முதல் அறிவுரை பல நேரம் இதுதான்: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்." இதில் ஒரு துளி உண்மை உண்டு. மணலிலோ, ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ, பயந்து வெடுக்கென்று இழுத்தாலோ தூக்கிப் போடத்தான் செய்யும். ஆனால் நேராகப் போகும் வண்டியில் பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்கு நகர்கிறது. முன் டயர் ரோட்டை அழுந்தப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிறது. எனவே நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான். மணிக்கு 60 கிலோமீட்டரில், காய்ந்த ரோட்டில் இரண்டையும் சரியாகப் பிடித்தால் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்தால் அதற்கே 17 மீட்டர் போய்விடும், அது தனிக் கணக்கு. அண்ணன் அன்போடு சொன்ன ஒரு வரியின் விலை 20 மீட்டர்.

அடுத்தது, பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது. "நான் பின்னாடி இருக்கேன், பயப்படாதே" என்பார்கள். அவர் இருப்பதால்தான் பயப்பட வேண்டும். இன்னொரு ஆளின் எடை ஏறினால் வண்டியின் சமநிலை மாறும், நிறுத்தும் தூரமும் மாறும். புதியவர் தடுமாறும் நொடியில் பின்னால் இருப்பவர் தானும் சாய்ந்து, தோளைப் பிடித்து, "விடு விடு, கிளட்சை விடு!" என்று காதருகே கத்துவார். விட்டால் வண்டி துள்ளும். வகுப்பில் பயிற்சியாளர் எதிரே நிற்பது காரணத்தோடுதான்: உங்கள் கண் எங்கே போகிறது, பிரேக் மேல் எத்தனை விரல், முழங்கை இறுகியிருக்கிறதா என்பதெல்லாம் முன்னால் நின்றால்தான் தெரியும்.

செலவு இலவசம் என்றேன். வண்டி விழுந்தால் லீவர், கண்ணாடி, டேங்கில் ஒரு நெளிவு எல்லாம் உங்கள் கணக்கு. உரிமம் இல்லாதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடலாம், அது பெரிய கணக்கு. அப்புறம் மனக்கசப்பு. "இதுகூட வரலையா உனக்கு?" என்ற ஒரு வார்த்தையோடு பைக்கையே மறந்தவர்களும் இருக்கிறார்கள்.

யாருக்குப் பொருந்தும்: சொல்லித்தருபவர் கோபப்படாதவராகவும், இரண்டு பிரேக்கையும் பயன்படுத்துபவராகவும், ஹெல்மெட் போடாமல் வண்டியை எடுக்காதவராகவும் இருந்தால். வண்டி சின்னதாக, இடம் காலி மைதானமாக இருந்தால். வகுப்பு முடித்துவிட்டு ரோட்டுப் பழக்கத்துக்காக வருபவருக்கு இவரைவிட நல்ல துணை கிடையாது.

## தனிப் பயிற்சியாளர்

பணம் தடையில்லை என்றால், கற்கும் வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. மொத்த நேரமும் உங்களுக்கு. உங்களுக்கு வராத ஒன்றையே அரை மணி நேரம் செய்யலாம், வந்துவிட்டதைத் தாண்டிப் போகலாம். பலர் உங்கள் சொந்த வண்டியிலேயே, நீங்கள் போகும் பாதையிலேயே பழக்குவார்கள்.

குறை, தரம் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் தேர்வில் தேறவைப்பதோடு சரி. எட்டுப் போடச் சொல்லித்தந்து அனுப்பிவிடுவார்கள், அவசர பிரேக் பக்கமே போகமாட்டார்கள். மணிக்கணக்குக்குப் பணம் என்பதால் பாடம் நீண்டுகொண்டே போகவும் வாய்ப்புண்டு. மற்றவர் செய்யும் பிழையைப் பார்த்துக் கற்பதும் இங்கே கிடையாது. வகுப்பில் அதுவே பாதிப் பாடம்.

யாருக்குப் பொருந்தும்: கூட்டத்தில் கற்கக் கூச்சப்படுபவர்கள், ஒருமுறை விழுந்து பயந்தவர்கள், உயரம் குறைவு போன்ற காரணத்தால் தனிக் கவனம் வேண்டியவர்கள். பல வருஷம் கழித்து மறுபடி ஓட்ட வருபவர்களுக்கும் இதுவே மேல்.

## வீடியோ பார்த்துத் தானாக

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது, எந்த லீவர் எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ள வீடியோ நன்று. வகுப்புக்குப் போகும் முன் பார்த்தால் முதல் மணி நேரம் மிச்சம். ஆனால் வீடியோவால் உங்களைத் திரும்பிப் பார்க்க முடியாது. தனியாகப் பழகுவது எனக்கு உடன்பாடே இல்லை. விழுந்தால் வண்டியைத் தூக்கக்கூட ஆள் இருக்காது.

## ஒரே பார்வையில்

| | வகுப்பு | வீட்டார், நண்பர் | தனிப் பயிற்சியாளர் | தானாக |
|---|---|---|---|---|
| அவசர பிரேக், விலகல் | முறையாக உண்டு, குறைந்த வேகத்தில் | பெரும்பாலும் இல்லை | கேட்டு வாங்க வேண்டும் | இல்லை |
| விழ இடம், வண்டி | மைதானம், அவர்கள் வண்டி | உங்கள் அல்லது அவர் வண்டி | ஆளைப் பொறுத்தது | உங்கள் வண்டி |
| பிழை திருத்தம் | உண்டு, கூட்டத்தோடு | உண்டு, அவர் பழக்கத்தோடு | முழுக் கவனம் | இல்லை |
| ரோட்டுப் பழக்கம் | குறைவு, சிலவற்றில் இல்லை | நிறைய | நன்று | ஆபத்து |
| வெளியில் தெரியும் செலவு | நடுத்தரம் | இல்லை | அதிகம் | இல்லை |
| மறைந்த செலவு | களைப்பு, பொய்த் தைரியம் | தவறான பழக்கம், பழுது, மனக்கசப்பு | நீளும் பாடங்கள் | எல்லாமே |

## கலந்து எடுப்பதானால்

கையில் பணம் குறைவு என்றால் வகுப்பை விட்டுவிடாதீர்கள், வண்டியின் பட்ஜெட்டைக் குறையுங்கள். முதல் வண்டி எப்படியும் ஒருமுறையாவது விழும், பழையதாக இருந்தால் மனசு நோகாது. ஹெல்மெட் செலவில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று காக்ரேனின் இன்னொரு தொகுப்பாய்வு 2008-இல் சொன்னது. பயிற்சி பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போன அதே அமைப்புதான் இதை உறுதியாகச் சொல்கிறது. வகுப்பில் தரும் இரவல் ஹெல்மெட் தலைக்குத் தளர்வாக இருந்தால் மாற்றித்தரக் கேளுங்கள், இல்லாவிட்டால் சொந்தமாக வாங்கிக்கொண்டே போங்கள்.

வகுப்பு முடிந்த கையோடு, அடுத்த ஒரு வாரத்துக்குள் மறுபடி வண்டி எடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் ஆறப்போட்டால் ஹாஃப் கிளட்சே மறந்துவிடும். காலை வேளையில், போக்குவரத்து குறைந்த ரோட்டில், தெரிந்தவர் தன் வண்டியில் முன்னால் போக, நீங்கள் பின்னால். அவர் உங்கள் வேகத்துக்கு ஓட்ட வேண்டும், நீங்கள் அவர் வேகத்துக்கு அல்ல. ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் காலி இடத்தில் சில அவசர பிரேக்: 20-இல் தொடங்கி, கை பழகப் பழக 30, 40 என்று. பின்னால் ஆள் ஏற்றுவது சில மாதம் கழித்து.

வகுப்பில் சேரும் முன் போனில் கேட்க வேண்டியவை: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், வண்டி மேல் உண்மையில் எத்தனை மணி நேரம், ரோட்டில் ஓட்டவைப்பார்களா, வண்டி விழுந்து உடைந்தால் செலவு யாருடையது, தேறாவிட்டால் மறுபடி வரத் தனிக் கட்டணமா, மழை பெய்தால் நடக்குமா. கடைசிக் கேள்விக்கு "நடக்கும்" என்று பதில் வந்தால் முகம் சுளிக்காமல் மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஈர ரோட்டில் முன் பிரேக் எவ்வளவு தாங்கும் என்பதை, பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்லக் கற்பது, காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத பாடம்.